ஓதி ஊதிய பைபர்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, குண்டசாலையில் என் தங்கச்சி வீட்டில் இணையம் நின்றுபோனது. மச்சான் பாரூக் கண்டி டவுனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். வீட்டில் எது நின்றாலும் அவர் கைதான் முதலில் போகும். அன்றும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து பச்சைத் தலை வைத்த மெல்லிய வயரைக் கழற்றினார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, அதை உதட்டருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதினார்.

"ஊதாதீங்க மச்சான்" என்று நான் கத்திவிட்டேன்.

இரண்டு கிழமை லீவில் வந்து நான்கு நாள்கூட ஆகாத விருந்தாளி இப்படிக் கத்தலாமா? குசினியிலிருந்து தங்கச்சி ரிஸ்மினா கையில் அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். மச்சான் கதிரையில் நின்றபடியே என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வயரைத் திரும்பவும் சொருகினார். பெட்டியில் சிவப்பாக எரிந்த விளக்கு அணைந்து, கொஞ்ச நேரத்தில் பச்சை எரிந்தது.

"பாத்தீங்களா? ஊதினாத்தான் சரி வரும்" என்றார், இறங்கிக்கொண்டே. "ஒங்கட ஜேர்மனில ஊத மாட்டாங்களா?"

நான் சிரித்து மழுப்பினேன். சிரிக்கும் நிலையில் இல்லை. என் பயணப் பையில், கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில், நான்காக மடித்த ஒரு படிவம் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். மூன்றாவது பெட்டியைத் தவிர எல்லாவற்றையும் விமானத்திலேயே நிரப்பிவிட்டேன். மூன்றாவது பெட்டியில் 'பழுதுக்கான காரணம்' என்று இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். மச்சான் கதிரையில் ஏறி நின்று செய்தாரே, அதுதான்.

2

முதலில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு வருடமாகப் பிராங்பேர்ட்டில் இருக்கிறேன். ஊரில் கேட்பவர்களுக்கு 'கொம்பியூட்டர் வேலை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் நான் கொம்பியூட்டரைத் தொடுவதே குறைவு. ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கிய ஒரு பெரிய மண்டபத்தில் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வயர்களைப் பொருத்துவதுதான் என் வேலை. நீங்கள் கண்டியிலிருந்து அனுப்பும் ஒரு கல்யாண வீடியோ எங்கள் மண்டபம் வழியாகவும் போயிருக்கக்கூடும்.

இந்த வயர்கள்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது கண்டியில்தான். பாடசாலை முடித்த கையோடு, டவுனில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் நடந்த கொம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். எட்டுக் கணினிகள். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஒரே கறுப்பு வயர் போகும். வயரின் இரண்டு முனையிலும் விரல் நுனியளவு ஒரு மூடி. அம்பிட்டியவிலிருந்து வரும் ஒருவர் எப்போதும் கடைசிக் கதிரையில் இருப்பார், நீண்ட கால்கள். அவர் கால் பட்டு அந்த மூடி கழன்றுவிட்டால் எட்டுக் கணினியும் ஒன்றாகப் படுத்துவிடும். வகுப்பே அவரைத் திட்டும். எனக்கோ, திட்டுவதைவிட, ஒரு முனையில் மூடி கழன்றால் மறு முனையில் இருக்கிறவனுக்கு ஏன் வேலை நிற்கிறது என்பதுதான் கேள்வி. போன சமிக்ஞை முனையில் முட்டித் திரும்பி வந்து, புதிதாக வருவதோடு மோதிக்கொள்கிறது என்று பிறகு ஒரு நாள் தெரிந்தது. அன்றைக்குப் பட்ட சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

அந்த வயரில் ஒரு செக்கனுக்குப் பத்து மெகாபிட் போனது. அதற்கு ஈதர்நெட் என்று பெயர். இன்றைக்கு நான் பிராங்பேர்ட்டில் கையில் பிடிக்கும் பைபரில், அதாவது கண்ணாடி இழையில், நானூறு ஜிகாபிட் போகிறது. அதாவது நாற்பதாயிரம் மடங்கு. பெயர் மட்டும் இன்னும் அதே ஈதர்நெட். உடம்பு முழுக்க மாறியும் பெயரை விடாத இதைப் பார்த்தால் எனக்கு ஒரு பாசம் வரும். செம்பு வயரில் போனது, நான்கு சோடி முறுக்கிய வயரில் ஒரே நேரத்தில் போகவும் வரவும் பழகியது, பிறகு கண்ணாடி இழைக்குள் ஒளியாகப் புகுந்துகொண்டது.

கண்ணாடி இழை என்றால் நம்ப மாட்டீர்கள், அதன் முழுத் தடிப்பே ஒரு தலைமுடியளவுதான். நூறு மீற்றர் இருநூறு மீற்றர் ஓடும் செம்மஞ்சள், நீலப்பச்சை உறை போட்ட இழைகளில், ஒளி போகும் நடுப்பகுதி கொஞ்சம் அகலம். தூரம் ஓடும் மஞ்சள் உறை இழையில் அந்த நடுப்பகுதி இன்னும் ஐந்திலொரு பங்காகச் சிறுத்துவிடும். அந்த வட்டத்தை மறைக்க ஒரு தூசி போதும். கண்ணுக்குத் தெரியாத தூசி. அந்த ஒளியும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியாத ஒன்று மறைக்காமல் காவல் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

3

எங்கள் மண்டபத்தில் அதிவேக இணைப்புகளை இரண்டு பேர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் பைபர் முனையைத் துப்புரவாக்கி, நுணுக்குக் காட்டியில் பார்த்து, படம் எடுத்து, கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர் உடனே அதை வாங்கிச் சொருகிக் கையெழுத்துப் போட வேண்டும். கடந்த ஐந்து மாதமாகத் துப்புரவுக் கையெழுத்து அனாவுடையது. சொருகும் கையெழுத்து என்னுடையது.

அனா போர்த்துக்கலிலிருந்து வந்தவள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், தனியாக வளர்க்கிறாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதிய உணவு அறையில் நான் என் மகளோடு போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். அலுமாரிக்கு மேல் வைத்த சாவியை எடுக்கக் கதிரையில் ஏற வேண்டாம், விழுந்துவிடுவாய் என்று ஏதோ சொன்னேன். போனை வைத்ததும் அனா கேட்டாள், நீ எங்கள் மொழி பேசுகிறாயா என்று. கதிரையும் அலுமாரியும் அவள் மொழிச் சொற்களாம், அவர்கள் வீட்டுச் சாமான்களாம். நாங்கள் அவற்றை வாங்கிப் பலநூறு வருடம் ஆகிறது, திருப்பித் தர முடியாது என்றேன். அன்றிலிருந்து ஜன்னல், மேசை, பீங்கான் என்று ஒவ்வொன்றாக அவளிடம் கொண்டுபோய்க் கேட்பேன். பாதிக்கு ஆம் என்பாள், பாதிக்கு உதட்டைப் பிதுக்குவாள். எங்கள் இரண்டு பேருடைய ஜேர்மன் மொழியும் நொண்டி. ஆனாலும் ஐந்து மாதத்தில் நாங்கள் பேசிச் சிரித்தது, இருபது வருடத்தில் மற்றவர்களோடு நான் பேசியதைவிட அதிகம்.

அனா துப்புரவாக்குவதைப் பார்க்க வேண்டும். பேனா மாதிரி ஒரு கருவி, அதை முனையில் வைத்து அழுத்தினால் 'கிளிக்' என்று ஒரு நூல்துணி நகர்ந்து துடைக்கும். படம் பார்ப்பாள். திருப்தியில்லையென்றால் இன்னொரு கிளிக். நானூறு ஜிகாபிட்டுக்கு வரும் தலை பட்டையாக இருக்கும். ஒரே வரிசையில் பன்னிரண்டு இழைகள், அதில் எட்டில் ஒளி போகும். எட்டும் பளிச்சென்று வந்த பிறகுதான் என் கையில் தருவாள்.

நான் அதை வாங்கி, வாய்க்குள் பிஸ்மி சொல்லி, ஒரு சின்ன ஊது ஊதிவிட்டுச் சொருகுவேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் எதைத் தொடங்கினாலும் அல்லாஹ்வின் பெயர் சொல்லி ஓதி ஊதுவார்கள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில், குடிக்கும் தண்ணீரில், சோதனைக்குக் கொண்டுபோகும் பேனையில். பாரூக் மச்சான் புதிதாக வாங்கிய முச்சக்கர வண்டியின் முன் கண்ணாடியில் ஊதியதை நானே பார்த்திருக்கிறேன். நான் கட்டுநாயக்கவில் விமானம் ஏறும்போது உம்மா என் உச்சந்தலையில் ஊதினார். ஜேர்மனியில் முதல் நாள் வேலையில், முதல் பைபரைப் பிடித்தபோது என் வாய் தானாகக் குவிந்தது. சொருகியதும் இணைப்பு விளக்கு எரிந்தது. அடுத்ததற்கும் ஊதினேன். பிறகு அதை நான் யோசித்ததே இல்லை.

தூசி பறக்கட்டும் என்றும் ஊதினேனா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் அதுவும்தான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

4

வேகம் குறைவாக இருந்த காலத்தில் ஒளி மன்னித்துக்கொண்டது. விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா, இந்த இரண்டில் எது என்று மறு முனை கண்டுபிடித்தால் போதும். கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் எரிகிற விளக்கு எரிகிற விளக்குத்தானே. மச்சான் வீட்டுப் பச்சைத் தலையும் இந்த வகைதான், எதையும் தாங்கும்.

நானூறில் கதை வேறு. இரண்டு நிலைக்குப் பதிலாக நான்கு நிலை. மிக மங்கல், மங்கல், வெளிச்சம், மிக வெளிச்சம். ஒரு செக்கனில் ஐயாயிரம் கோடித் தடவைக்கு மேல், ஒவ்வொரு இழையிலும் இந்த நான்கில் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிழை வராமல் இருக்கவே முடியாது. வரும் என்று தெரிந்தே, திருத்திக்கொள்வதற்கான கூடுதல் தகவலையும் சேர்த்து அனுப்புகிறார்கள். உம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது, "பருப்பு அரைக் கிலோ, அஞ்சூறு கிராம், போன கிழமை வாங்கின அளவு" என்பார். ஒன்று காதில் விழாமல் போனாலும் மற்ற இரண்டை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன். அது போலத்தான்.

இந்தத் திருத்தலில் ஒரு சங்கடம் இருக்கிறது. பழுது கொஞ்சமாக இருக்கும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும், யாருக்கும் தெரியாது. உள்ளே பிழைகள் கூடிக்கொண்டே போகும். திருத்த முடியாத அளவு வந்ததும் இணைப்பு விழும், எழும், மறுபடி விழும்.

நாங்கள் பொருத்திய ஓர் இணைப்பு மூன்றாம் நாள் அப்படி விழத் தொடங்கியது. கழற்றிப் படம் எடுத்தார்கள். மேலாளர் என்னையும் அனாவையும் திரைக்கு முன் நிறுத்தினார். பன்னிரண்டு வட்டங்களில் இரண்டின் மேல் காய்ந்த துளிகளின் விளிம்பு தெரிந்தது. தேநீர்க் கோப்பை வைத்த மேசையில் வட்டம் விழுமே, அப்படி. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் எச்சில்.

"யார் துப்புரவாக்கியது?" என்று மேலாளர் கேட்டார்.

"நான்" என்றாள் அனா. "படம் எடுத்தேன். சரியாக இருந்தது." அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் படத்தில் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று தேடுகிறாள் என்று நினைத்தேன்.

அனாவின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகுதான் நிரந்தரம். மேலாளர் கெட்டவரல்ல. படிவத்தை என்னிடம் தந்து, மூத்தவர் நீங்கள்தான், காரணத்தை எழுதுங்கள், அதை வைத்துத்தான் அனாவின் விஷயத்தை முடிவு செய்வோம் என்றார். மறுநாள் எனக்கு விமானம். வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டேன். கொடுத்தார்.

நான் அங்கேயே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஏன் என்று எழுதிவிடுகிறேன். அதிவேக இணைப்புகளிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் வேறு. கணினி மண்டபத்தில் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு இயந்திரத்தின் மேல் ஊதுகிற ஒரு முஸ்லிம். அவர்கள் கண்ணில் அது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். இருபத்தொரு வருடம் யாருக்கும் என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தக் காரணம் கொடுக்காமல் வாழ்ந்திருக்கிறேன். இதனால் அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதற்காக அனாவைத் திரையின் முன் நிற்கவிட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

5

படிவம் என்றாலே எங்கள் வீட்டில் மகள் ஸஹ்ராதான். பதினாறு வயது. என் ஜேர்மன் மொழியைத் திருத்துவது அவளுடைய பொழுதுபோக்கு. நான் வந்த புதிதில் ஓர் அரசாங்கக் கந்தோரில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, வாப்பாவின் பெயரைச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். அதனால் இன்று என் மகளைப் பாடசாலையில் என் வாப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்திருப்பார்.

சின்ன வயதில் சோதனை நாள் வந்தால் ஸஹ்ரா தானாக வந்து தலையைக் குனிவாள். ஓதி ஊதுவேன். பதின்மூன்று வயதில் ஒரு காலை, குனியவில்லை. "வேணாம் வாப்பா, முடி கலையும்" என்று விலகிப் போனாள். ஓர் ஊதலில் எந்த முடி கலையும்? நான் வற்புறுத்தவில்லை. அதன்பின் நான் கதவு சாத்திய பிறகு அவள் போன திசையில் ஊதுவேன். அது அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுக்குப் போன் எடுத்தேன். 'ஓதி ஊதுதல்' என்பதை ஜேர்மன் மொழியில் எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

"எதுக்கு வாப்பா?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன், அனாவின் தகுதிகாண் காலம் உட்பட. இணைப்பு விழுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"கேபிளுக்கா ஊதுனீங்க?" என்றாள்.

"எல்லாத்துக்கும் ஊதுவேன்."

"அதுக்கு ஒரு சொல் இல்ல" என்றாள். பிறகு, "பழக்கம் என்டு எழுதுங்க. பழக்கத்துல ஊதிட்டேன் என்டு. அவங்களுக்கு அது விளங்கும்."

சரியான யோசனை. பொய்யும் இல்லை. ஆனால் அவளுக்கு அது வெறும் பழக்கமாகத்தான் தெரிந்திருக்கிறது என்பது எனக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமை கணக்குச் சோதனை இருக்கிறது, படிக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

6

ரிஸ்மினா பேராதனை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி. புதன்கிழமை அவள் வேலை முடியும் நேரம் நானும் பேராதனையில் நின்றேன். சேர்ந்து கண்டிக்கு பஸ் ஏறினோம். இடம் கிடைத்தது. கெட்டம்பே வருவதற்கு முன்னமே சொல்லி முடித்துவிட்டேன்.

முதலில் அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நானா, நான் தியேட்டருக்கு வந்து இருவத்திரெண்டு வருஷம். ஒவ்வொரு ஒப்பரேஷனுக்கும் ஓதுற. கத்தி எடுத்துக் குடுக்கிறதுக்கு முந்தி ஓதுற. ஒரு நாளும் ஊதின இல்ல."

"ஏன்?"

"மாஸ்க் போட்டு ஈக்கிறேனே. ஊதினா எங்க போகும்? எங்கட மூஞ்சிக்கே திரும்பி வரும்." மறுபடி சிரித்தாள். "மாஸ்க்கக் கழட்டிட்டு ஊதினேன் என்டா, டொக்டர் என்ன வெட்டிப் போட்டிருவார். அந்த வகுறு திறந்து ஈக்கும் நானா. அதில நாங்க மூச்சு விடவே ஏலா."

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். திறந்த வயிறும் திறந்த பைபரும். அவள் இருபத்திரண்டு வருடமாக அறிந்திருந்ததை, அவளைவிட மூன்று வயது மூத்த நான், இத்தனை நுணுக்குக் காட்டிகளைப் பார்த்தும் அறியவில்லை.

"அந்தப் பொம்புளைக்கு எத்தின புள்ள?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"நீங்க ஊதினத அவ பாத்தாவா?"

"முதுகுப் பக்கம் நிப்பா. பாத்திருக்க மாட்டா."

ரிஸ்மினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டியில் இறங்கிக் குண்டசாலை பஸ் ஏறினோம். தென்னக்கும்புர பாலம் தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கு அவள் அடி வாங்கியபோதும் இப்படித்தான் மூன்று நாள் பேசாமல் இருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"ஊதினதுக்கு அல்லா கோவிக்க மாட்டான் நானா. அந்தப் பொம்புளட தலையில போட்டுட்டு வந்தீங்களே, அதுக்குத்தான்."

7

வியாழக்கிழமை காலை, எல்லோரும் வெளியே போன பிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்றாவது பெட்டியை நிரப்பினேன். ஸஹ்ரா தந்த சொல்லை எழுதிப் பார்த்தேன். அடித்தேன். கடைசியில் என் நொண்டி மொழியிலேயே எழுதினேன். துப்புரவு சரியாகச் செய்யப்பட்டிருந்தது. அதன்பின், சொருகுவதற்கு முன், நான் முனையின் மேல் வாயால் ஊதினேன். அது என் பிரார்த்தனையின் ஒரு பகுதி. அனாவின் கையெழுத்தில் எந்தப் பிழையும் இல்லை. அன்றே சொல்லாதது என் பிழை.

போனில் படம் எடுத்து அனுப்பினேன். மச்சான் ஊதிய அந்தப் பச்சைத் தலை வயர் வழியாகத்தான் அது போனது. அனுப்பிவிட்டு எழும்பி நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன்.

மறுநாள் பின்னேரம் மேலாளரின் பதில் வந்தது. நான்கு வரி. அனாவின் கையெழுத்து செல்லும். நான் பரிசோதனைப் பயிற்சியைத் திரும்பவும் செய்து தேறும்வரை அதிவேக இணைப்புகளைத் தொடக் கூடாது. பிரார்த்தனை உங்கள் சொந்த விஷயம், நிறுவனத்துக்கு அதில் கேள்வி இல்லை. நான்காவது வரியில்தான் கேள்வி இருந்தது. 'இந்த இணைப்பைத் தவிர வேறு எந்தெந்த இணைப்புகளில் இப்படி ஊதியிருக்கிறீர்கள்?'

நான் அந்த வரியைப் பலமுறை வாசித்தேன். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. அந்த மண்டபம் கண்முன் விரிந்தது. வரிசை வரிசையாகக் கணினி அடுக்கிய ராக்கைகள், செம்மஞ்சள், நீலப்பச்சை, மஞ்சள். ஒரு ஜிகாபிட், பத்து, நாற்பது, நூறு, நானூறு. எல்லாம் பிஸ்மி சொல்லி ஊதியவை. ஐரோப்பாவின் பாதி, கண்டிக்காரன் ஒருவனின் மூச்சுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே சொல்லில் பதில் எழுதினேன். எல்லாவற்றிலும்.

சனிக்கிழமை அனாவிடமிருந்து செய்தி. நீ ஊதுவது எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாள். நான் திரும்பி நின்றாலும் ராக்கையின் கண்ணாடிக் கதவில் தெரியுமாம். தூசி பறக்கத்தான் ஊதுகிறாய், மூத்தவன், தெரியாமலா செய்வாய் என்று நினைத்தாளாம். அன்றைக்குத் திரையில் துளிகளைக் கண்டு விளங்கியும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். ஒன்பது நாள் காத்திருந்திருக்கிறாள். அதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது, எழுதுவதில் வெட்கமில்லை. கடைசியில் அவள் இன்னொன்றும் எழுதியிருந்தாள். நானூறு ஜிகாபிட் இணைப்புகள் முழுவதையும் கழற்றித் துடைக்கச் சொல்லி உத்தரவாம், அது அவள் பொறுப்பாம், இணைப்பு எண்களை வாசித்துச் சொல்ல என்னைக் கேட்டு வாங்கியிருக்கிறாளாம். வரும்போது ஒரு கதிரை கொண்டுவா, நிறைய நாள் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். கதிரையை மட்டும் தன் மொழியில் எழுதியிருந்தாள்.

8

இன்று திங்கட்கிழமை. இதை எழுதத் தொடங்கியதே சற்று முன் நடந்த ஒன்றினால்தான்.

பதினொரு மணியளவில் ஸஹ்ராவின் அழைப்பு வந்தது. அங்கே விடிந்து கொஞ்ச நேரம். திரையில் அவள் பாடசாலைப் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். கணக்குச் சோதனைக்குப் போகிறாள். படிவம் என்ன ஆனது என்று கேட்டாள். சொன்னேன். அவள் தந்த சொல்லை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள்.

"அது பழக்கம் மட்டும் இல்ல மகள்" என்றேன்.

அவள் போனைக் கீழே, செருப்பு வைக்கும் தட்டின் மேல் சாய்த்து வைத்தாள். திரையில் முகம் மறைந்து, நடு வகிடு எடுத்த உச்சந்தலை மட்டும் தெரிந்தது. மூன்று வருடமாக என் முன் குனியாத தலை.

"நான் கேபிள் இல்ல வாப்பா" என்றாள் தலையைத் தூக்காமல். "ஊதலாம்."

எனக்குத் தெரியும், ஊதினால் அங்கே ஒன்றும் கேட்காது. மூச்சுக் காற்றின் சத்தத்தை வேண்டாத இரைச்சல் என்று போனே வடிகட்டி எறிந்துவிடும். மிச்சம் இருப்பது எண்களாக மாறி, மச்சானின் பச்சைத் தலைக்குள் புகுந்து, மகாவலி ஆற்றைத் தாண்டி, கடலடி பைபரில் போய், ஒருவேளை எங்கள் மண்டபத்தில், ஒருவேளை நான் ஊதிய ஒரு முனை வழியாகவே, அவள் போனுக்குப் போகும். மூச்சு மட்டும் போகாது. எல்லாம் தெரிந்தே ஓதினேன். திரையின் அருகே குனிந்து, அந்த வகிட்டின் மேல் மூன்று தடவை ஊதினேன். திரையில் மூச்சு பட்டுப் பனி பிடித்தது. சாரத்தின் நுனியால் துடைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒண்டும் கேக்கல்ல" என்றாள். "ஊதிட்டீங்க தானே?"

"ஊதிட்டேன்."

"சரி, போயிட்டு வாறேன்" என்று முடியைச் சரிசெய்யாமலே கதவைத் திறந்துகொண்டு போனாள்.